எலிக்குக் கொடுத்த ஒரு மணி நேரம்
‘பெட் ஸ்கேன்’ அறைக்குச் செல்லும் பெண்கள் அறிந்திருக்க வேண்டியவை

புற்றுநோய் என்ற சொல் ஒரு வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து அந்த வீட்டின் பேச்செல்லாம் பரிசோதனைகளைப் பற்றியதாகவே மாறிவிடுகின்றது. இரத்தப் பரிசோதனை, கட்டியின் துண்டை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, ஸ்கேன் என்று பட்டியல் நீளுகின்றது. இவற்றுள் அண்மைக் காலத்தில் எமது பெண்கள் அதிகம் கேள்விப்படும் ஒன்று ‘பெட் ஸ்கேன்’ ஆகும். மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு இக்கருவியை வாங்குவதற்காக 2016 ஆம் ஆண்டில் நாடெங்கும் மக்கள் இன, மத வேறுபாடின்றி நிதி திரட்டியதைப் பலரும் நினைவில் வைத்திருப்பர்.

கருவியைப் பற்றி அறிந்த அளவுக்கு, அப்பரிசோதனைக்குச் செல்பவர் கடைப்பிடிக்க வேண்டிய நிபந்தனைகளைப் பற்றி நாம் அறிந்திருக்கின்றோமா என்பது கேள்விக்குரியதே. “சாப்பிடாமல் வாருங்கள், முதல் நாள் பாரமான வேலை செய்யாதீர்கள், குளிர் படாமல் இருங்கள், ஊசி போட்ட பின்னர் பேசாமல் அமைதியாக இருங்கள்” என்று சொல்லப்படும். சில வேளைகளில் நோயாளிக்கு விளங்காத மொழியில் ஒரு தாளாகவும் கையில் கொடுக்கப்படும். ஏன் என்று சொல்லப்படாத கட்டளையை எவரும் முழுமனதோடு கடைப்பிடிப்பதில்லை. “ஒரு பிளேன்ரீ குடித்தால் என்ன குறைந்துவிடும்?” என்ற எண்ணம் அவ்வாறு பிறப்பதே.

இந்நிபந்தனைகள் யாரோ ஒருவரின் விருப்பத்துக்கு எழுதப்பட்டவை அல்ல. நோயாளிகளின் படங்களைப் பல ஆண்டுகள் பார்த்த அனுபவத்தினாலும், எலிகளையும் சுண்டெலிகளையும் வைத்து நடாத்தப்பட்ட பொறுமையான ஆய்வுகளினாலும் உறுதி செய்யப்பட்டவை. அந்த ஆய்வுகள் சொல்லும் செய்தி பெண்களாகிய எமக்கு மிகவும் அவசியமானதாகும்.

சீனியைத் தேடும் கட்டி

1920களில் ஜேர்மனியின் பேர்லின் நகரில் ஒட்டோ வார்பேர்க் என்னும் விஞ்ஞானி எலிகளின் புற்றுநோய்க் கட்டிகளிலிருந்து மெல்லிய துண்டுகளை எடுத்து ஆராய்ந்தார். சாதாரண இழையங்களைவிட அவை மிக அதிகமாகக் குளுக்கோசை உட்கொள்வதையும், ஒட்சிசன் போதிய அளவு இருக்கும்போதும் அக்குளுக்கோசை லக்ரிக் அமிலமாக மாற்றுவதையும் அவர் கண்டார். 1931 இல் வேறோர் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற அவருடைய பெயர், இந்தக் கண்டுபிடிப்பினாலேயே இன்றும் புற்றுநோயியலில் நிலைத்து நிற்கின்றது.

கட்டி குளுக்கோசை விரும்பி எடுக்கும் என்றால், குளுக்கோசில் ஓர் அடையாளத்தைக் கட்டி அனுப்பினால் கட்டி இருக்கும் இடம் தெரியுமல்லவா? இந்த எளிய எண்ணமே பெட் ஸ்கேனின் அடிப்படை எனலாம். அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில் 1976 இல் ‘எப்.டி.ஜி’ என்னும் மருந்து கதிர்த்தொழிற்பாடுள்ள புளோரீன் 18 உடன் சேர்த்துத் தயாரிக்கப்பட்டது. அதனை உருவாக்கிய குழுவில் ஜோனா பவுலர் என்ற பெண் இரசாயனவியலாளரும் முக்கிய பங்கு வகித்தார். முதலில் மூளையைப் படம் பிடிக்கவே இம்மருந்து பயன்பட்டது. 1980 இல் அதே ஆய்வுகூடத்தினர் விலங்குகளின் கட்டிகளில் இது விரைவாகச் சேர்வதை எடுத்துக்காட்டினர்.

எப்.டி.ஜி, குளுக்கோசின் வேடமிட்ட ஒரு சுவடுகாட்டி மருந்து. கலத்தின் வாசலில் குளுக்கோசை உள்ளே விடும் புரதம் இதையும் குளுக்கோசு என்று நம்பி உள்ளே விட்டுவிடும். உள்ளே நடைபெறும் முதலாவது மாற்றத்துக்கும் இது உட்படும். ஆனால் அதற்கு அப்பால் கலத்தினால் இதனைப் பயன்படுத்த முடியாது. பெரும்பாலும் வெளியேற்றவும் முடியாது. ஆகவே அது அங்கேயே சிக்கிக்கொள்ளும். அதிலுள்ள புளோரீன் 18 வெளிவிடும் நேர்த்துணிக்கைகள் அருகிலுள்ள இலத்திரன்களுடன் சேர்ந்து அழிய, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு கதிர்கள் புறப்படும். அக்கதிர்களைப் பிடித்தே கருவி படத்தை அமைக்கின்றது. ஏறத்தாழ 110 நிமிடங்களுக்கு ஒரு முறை இம்மருந்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறைந்துவிடும். ஆதலால் இதனை வாங்கி வைத்திருந்து ஆறுதலாகப் பயன்படுத்த முடியாது. நோயாளி ஆயத்தமின்றி வந்து திரும்பினால் அவருக்கென வந்த மருந்தும் வீணாகின்றது.

ஒரே எலி, வேறு வேறு படங்கள்

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகின்றது. குளுக்கோசை விரும்புவது கட்டி மட்டுமன்று. மூளை, இதயம், தசை, சில வகைக் கொழுப்பு ஆகிய அனைத்தும் குளுக்கோசை எடுக்கின்றன. கொடுத்த மருந்தில் எவ்வளவு கட்டிக்குப் போகும், எவ்வளவு பிற உறுப்புகளுக்குப் போகும் என்பதை அன்றைய தினம் அந்த உடல் இருக்கும் நிலையே தீர்மானிக்கின்றது.

இதனை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வொன்று லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மேற்கொள்ளப்பட்டு 2006 இல் வெளியானது. கட்டியுள்ள சுண்டெலிகளைப் பல குழுக்களாகப் பிரித்து, சிலவற்றுக்கு உணவு கொடுத்தும் சிலவற்றைப் பட்டினியாக வைத்தும், சிலவற்றை அறையின் வெப்பநிலையிலும் சிலவற்றைச் சூடான இடத்திலும் வைத்தும், மயக்க மருந்து கொடுத்தும் கொடாமலும் ஆய்வாளர்கள் படம் பிடித்தனர். உணவுண்டு, சாதாரண அறையில், விழித்திருந்த எலிகளில் மருந்தின் பெரும்பங்கை முதுகுப்புறக் கொழுப்பு வாரி எடுத்துக்கொண்டது. கட்டி மங்கலாகவே தெரிந்தது. பட்டினி வைத்து, ஊசி போடுவதற்கு முன்னரே உடலைச் சூடாக்கி, ஐசோபுளூரேன் என்ற மயக்க மருந்தும் கொடுக்கப்பட்ட எலிகளில் கட்டி தெளிவாக ஒளிர்ந்தது. கட்டியின் வகையும் கருவியும் மாறவில்லை. மாறியது எலி நடாத்தப்பட்ட விதம் மாத்திரமே.

உணவைப் பற்றி அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தவர் 1992 இல் வெளியிட்ட ஆய்வு எமக்கு இன்னும் நெருக்கமானது. அவர்கள் எடுத்துக்கொண்டவை மார்பகப் புற்றுநோயுள்ள எலிகளாகும். இரத்தத்தில் சீனி கூடியபோது கட்டியில் மருந்து சேர்வது குறைந்தது. வாசலில் உண்மையான குளுக்கோசு நெருக்கியடித்து நிற்கும்போது வேடமிட்ட குளுக்கோசுக்கு இடம் கிடைப்பதில்லை என்று இதனை விளங்கிக்கொள்ளலாம். அப்படியானால் இன்சுலின் ஏற்றிச் சீனியைச் சட்டென்று இறக்கிவிட்டால் போதாதா? போதாது. இன்சுலின், தசைகளின் வாசல்களைத் திறந்துவிடுகின்றது. மருந்து தசைக்குள் ஓடிவிட, கட்டிக்குக் கிடைப்பது மீண்டும் குறைந்துவிடுகின்றது. உணவுண்ட உடலிலும் இன்சுலின் சுரப்பதால் இதுவே நடைபெறும். சீனி போட்ட ஒரு கோப்பைத் தேநீரினால் என்ன குறையும் என்ற கேள்விக்கு இதுவே விடை.

மயக்க மருந்தின் தெரிவும் படத்தை மாற்றுகின்றது. கெற்றமினும் சைலசீனும் கலந்து கொடுத்தால் உணவுண்ட எலிகளின் இரத்தச் சீனி வெகுவாக ஏறிவிடும். மயக்கத்திலுள்ள எலியின் உடல் விரைவில் குளிர்ந்துவிடுவதால் அதனைத் தொடர்ந்து சூடாக வைத்திருக்க வேண்டும். ஊசி போடும் கையின் திறமையும் முக்கியமானது. எலிகளுக்கு வால் நாளத்திலேயே மருந்து ஏற்றப்படும். சிறிது தவறினாலும் மருந்து வாலிலேயே தங்கிவிட, கட்டிக்குச் சென்றது எவ்வளவு என்ற கணக்கு பிழைத்துவிடும். ஊசி போட்டு எவ்வளவு நேரத்தின் பின்னர் படம் எடுக்கப்படுகின்றது என்பதும் கவனத்துக்குரியது. பொதுவாக ஒரு மணி நேரம் விடப்படுகின்றது. அந்நேரத்தில் கட்டியில் மருந்து சேர்ந்துகொண்டிருக்க, இரத்தத்தில் எஞ்சியது சிறுநீரகத்தின் வழியே வெளியேறிவிடுகின்றது.

கட்டியும் தன் பங்குக்கு விளையாடுகின்றது. மிகச் சிறிய கட்டி, உண்மையில் எடுத்த அளவைவிட மங்கலாகவே படத்தில் தெரியும். பெரிதாக வளர்ந்த கட்டியின் நடுப்பகுதியோ இரத்தம் எட்டாமல் இறந்துபோயிருக்கும். விளிம்பு ஒளிர, நடு இருண்டு கிடக்கும். குளுக்கோசை அதிகம் விரும்பாத, மெதுவாக வளரும் புற்றுநோய்களும் உள்ளன. ஆகவே படம் மங்கலாக இருந்தது என்பதற்காக நோயில்லை என்று முடிவு செய்துவிட இயலாது.

குளிரும் கபிலக் கொழுப்பும்

மேலே குறிப்பிட்ட முதுகுப்புறக் கொழுப்பைச் சற்று விரிவாக நோக்குவோம். உடம்பில் இரண்டு வகைக் கொழுப்புகள் உண்டு. வெள்ளைக் கொழுப்பு சக்தியைச் சேமித்து வைக்கின்றது. கபில நிறக் கொழுப்போ சக்தியை எரித்து உடலுக்குச் சூட்டைத் தருகின்றது. எமக்கு வசதியான அறையின் வெப்பநிலை ஒரு சுண்டெலிக்குக் குளிர் ஆகும். ஏறத்தாழ 30 பாகை செல்சியஸிலேயே அது குளிரை உணராமல் இருக்கும். 22 பாகை அறையில் அதன் கபிலக் கொழுப்பு ஓயாமல் எரிந்துகொண்டே இருக்கும். எரிவதற்குக் குளுக்கோசையும் இழுக்கும்.

இது எலிகளின் கதை மட்டுமன்று. பெட் ஸ்கேன் பரவலான காலத்தில், சில நோயாளிகளின் கழுத்திலும் தோள்பட்டைக்கு மேலும் இரு பக்கமும் ஒளிர்வதைக் கண்ட வைத்தியர்கள் அது இறுகிய தசை என்றே பெரும்பாலும் எண்ணினர். 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் சீ.ரீ. ஸ்கேனும் சேர்ந்த கருவிகள் வந்த பின்னரே அது கொழுப்பு என்பது தெளிவானது. 2009 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலிருந்து வெளியான ஆய்வொன்று ஏறத்தாழ இரண்டாயிரம் பேரின் ஸ்கேன் படங்களை ஆராய்ந்து, கழுத்துப் பகுதியில் செயற்படும் கபிலக் கொழுப்பு பெண்களில் 7.5 வீதமானோரிடமும் ஆண்களில் 3.1 வீதமானோரிடமும் காணப்பட்டதாகத் தெரிவித்தது. இளவயதினரிடமும் குளிர்காலத்திலும் அது அதிகமாகத் தென்பட்டது.

மார்பகப் புற்றுநோய் பரவியிருக்கின்றதா என்று பார்க்கும்போது வைத்தியர் கவனிக்கும் இடங்களில் ஒன்று இதே கழுத்தடி நிணநீர்க்கணுக்களே. குளிரில் நடுங்கிக்கொண்டு ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண்ணுக்கு அவ்விடத்தில் கொழுப்பு ஒளிர்ந்தால், உண்மையான கணு அதனுள் மறைந்துவிடலாம். போர்வை ஒன்று கேட்பது செல்லம் கொஞ்சுவது அன்று. பரிசோதனையின் ஒரு பகுதியே அது.

ஒளிர்வதெல்லாம் புற்றுநோயன்று

ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1992 இல் சுண்டெலிகளின் கட்டிகளை நுண்ணியதாக ஆராய்ந்தபோது மற்றுமோர் உண்மை வெளிப்பட்டது. மருந்தை எடுத்தவை புற்றுநோய்க் கலங்கள் மட்டுமல்ல. கட்டியைச் சுற்றி வந்து சேர்ந்த உடலின் பாதுகாப்புக் கலங்களும், புதிதாக ஆறிவரும் இழையமும் அதனை ஏராளமாக எடுத்திருந்தன. அழற்சி இருக்கும் இடமெல்லாம் ஒளிரக்கூடும் என்பதே இதன் பொருள். காசநோய் உள்ள நுரையீரல், ஆறாத சத்திரசிகிச்சைக் காயம், புண்ணான பல்லின் அடி என்பனவும் ஒளிரலாம். கொவிட் 19 தடுப்பூசி ஏற்றப்பட்ட 2021 ஆம் ஆண்டில், ஊசி போட்ட கையின் அக்குள் கணுக்கள் ஒளிர்வதை உலகெங்கும் வைத்தியர்கள் கண்டனர். அதன் பின்னர், எந்தக் கையில் எப்போது தடுப்பூசி போட்டீர்கள் என்று கேட்பது வழக்கமாயிற்று.

பெண்ணுடலுக்கே உரிய சில ஒளிர்வுகளும் உண்டு. மாதவிடாய் நாட்களில் கருப்பையின் உட்சுவரும், முட்டை வெளிப்படும் காலத்தில் சூலகமும் மருந்தை எடுக்கலாம். பாலூட்டும் தாயின் மார்பகம் மிகுதியாக எடுக்கும். இவை நோயல்ல, இயற்கை. ஆனால் படத்தை வாசிப்பவருக்கு அது சொல்லப்பட்டிருந்தால் மாத்திரமே இயற்கை என்று விளங்கும். “கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது?” என்று ஓர் ஆண் உத்தியோகத்தர் கேட்கும்போது தலையைக் குனிந்துகொண்டு ஏதோ ஒரு திகதியைச் சொல்லும் பெண்கள் எம்மிடையே பலர். வெட்கத்தினால் சொல்லப்பட்ட பிழையான திகதி, வீணான பயத்துக்கும் இன்னொரு சத்திரசிகிச்சைக்கும் வழிவகுக்கலாம்.

சீனியை நிறுத்தினால் கட்டி காயுமா?

“கட்டி சீனியைத் தின்னுமாம்” என்ற செய்தி அரைகுறையாகப் பரவியதால் ஒரு துன்பமும் ஏற்பட்டுள்ளது. நோயாளிக்குச் சோறு, பழம், பால் அனைத்தையும் நிறுத்தி, கட்டியைப் பட்டினி போடுவதாக எண்ணி மனுஷியையே பட்டினி போடும் வீடுகள் உள்ளன. அன்பினால் செய்யப்படும் தீங்கு இது. ஸ்கேனுக்கு முன்னர் உண்ணாதிருப்பது அந்தச் சில மணி நேரத்துக்கு மருந்து கட்டியை எளிதில் அடைவதற்காகவே. கட்டியைக் குணப்படுத்துவதற்காக அன்று. நாம் சீனியே தொடாவிட்டாலும் எமது ஈரல் இரத்தத்துக்குத் தேவையான குளுக்கோசைத் தயாரித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மருந்தையும் கதிர்ச் சிகிச்சையையும் தாங்க வேண்டிய உடலுக்கு உணவு அவசியம். உணவில் எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்பதை வைத்தியரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

பரிசோதனைக்கு முன்னர்

திகதி கிடைத்தவுடன் பின்வருவனவற்றைக் கேட்டறிந்தும் சொல்லியும் வைப்பது நல்லது. நிலையத்துக்கு நிலையம் சிறு வேறுபாடுகள் இருப்பதால் அவர்கள் சொல்வதே இறுதியானது.

1. பொதுவாக நான்கு முதல் ஆறு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும். வெறும் தண்ணீர் குடிக்கலாம். சீனி, பால், இனிப்பு மிட்டாய் எதுவும் கூடாது.

2. நீரிழிவு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டினால் பல நிலையங்கள் பரிசோதனையை வேறு நாளுக்கு மாற்றிவிடும். இன்சுலினை எப்போது போடுவது என்பதைக் கேட்டறியுங்கள். மெட்போமின் குளிசையினால் குடல் அதிகமாக ஒளிரும். ஆனால் அதனை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

3. முதல் நாள் நெல் குத்துதல், தண்ணீர் சுமத்தல், உடுப்புக் குவியலைத் துவைத்தல் போன்ற கடும் வேலைகளைத் தவிருங்கள். களைத்த தசையும் மருந்தை எடுக்கும்.

4. குளிரூட்டிய அறை என்பதால் நீண்ட கையுள்ள உடுப்பு, காலுறை, ஒரு போர்வை என்பவற்றைக் கொண்டுசெல்லுங்கள்.

5. மார்பகப் புற்றுநோயுள்ளவர், நோயுள்ள பக்கம் எது என்று ஊசி போடுபவருக்கு நினைவூட்டுங்கள். மறுபக்கத்துக் கையே பொருத்தமானது.

6. கர்ப்பமா என்ற சந்தேகம் இருந்தால் எவ்வளவு சங்கடமாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். பாலூட்டுபவர், குழந்தையை எவ்வளவு நேரம் தள்ளி வைத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

7. அண்மையில் நடந்த சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, தடுப்பூசி, காய்ச்சல், பழைய காசநோய் அனைத்தையும் திகதியுடன் எழுதிச் செல்லுங்கள்.

8. ஊசி போட்ட பின்னர் பேச்சையும் தொலைபேசியையும் விட்டு அமைதியாக இருங்கள். பேசும்போது குரல்வளைத் தசைகளும் மருந்தை எடுக்கும்.

எலிக்குக் கிடைத்தது எம் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும்

ஆய்வுகூடத்து எலிகள் தாமாக விரும்பி வந்தவை அல்ல என்பதையும் நாம் மறக்கலாகாது. 1959 இல் இங்கிலாந்தில் ரசல், பேர்ச் என்ற இரு விஞ்ஞானிகள், இயலுமானவிடத்து விலங்குகளுக்கு மாற்று வழி தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைக் குறைத்தல் ஆகிய மூன்று நெறிகளை முன்வைத்தனர். ஒரே விலங்கை மீண்டும் மீண்டும் படம் பிடிக்கக்கூடியதாக இருப்பதால் பெட் ஸ்கேன் எலிகளின் எண்ணிக்கையைக் குறைக்க உதவுகின்றது. எலியைச் சூடாகவும் அமைதியாகவும் வைத்திருப்பது இரக்கத்தினால் மட்டுமன்று. அவ்வாறு வைத்திராவிட்டால் விடையே பிழைத்துவிடும் என்பதனாலும் ஆகும்.

இனி, வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ மலையகத்திலிருந்தோ இந்தப் பரிசோதனைக்காக இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வரும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் வீட்டு வேலைகளை எல்லாம் முடித்து, பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டே புறப்பட்டிருப்பார். இரவெல்லாம் குளிர்காற்றில் இருந்த இருப்பிலேயே பயணம். காலையில் பசி, பயம், விளங்காத மொழி. ஆய்வாளர்கள் எலியின் உடலில் தவிர்க்கப் பாடுபட்டவை எல்லாம் இங்கே ஒருங்கே வந்து சேர்ந்துவிடுகின்றன. அவருக்குக் கிடைக்கும் படம், வசதியாகக் காரில் வந்திறங்கும் ஒருவருக்குக் கிடைக்கும் படத்தைப் போலத் தெளிவாக இருக்கும் என்று எவ்வாறு சொல்வது? வறுமை நோயை மட்டுமன்றி நோயின் படத்தையும் மாற்றிவிடக் கூடும்.

இதனைத் திருத்துவதற்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. முதல் நாளே வந்து தங்குவதற்கு ஓர் இடம், தமிழில் அச்சிட்ட ஓர் அறிவுறுத்தல் தாள், ஒரு போர்வை, கூச்சமின்றிப் பேசக்கூடிய ஒரு பெண் உத்தியோகத்தர் என்பன போதும். கிராமத்து மாதர் சங்கங்கள் பயணத்துக்கு முந்திய இரண்டு நாட்களுக்கு வீட்டு வேலைகளைப் பகிர்ந்துகொள்ளலாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். கணவரோ சகோதரரோ கூடவே சென்று, அறிவுறுத்தல்களை எழுதி எடுத்து வரலாம். கருவி வாங்குவதற்கு ஒன்றுபட்ட சமூகத்தினால் இவ்வளவும் செய்ய முடியாதா?

பசியும் குளிரும் களைப்பும் பயமும் படத்தில் பதிவாகும் என்பதை எலிகள் எமக்குக் காட்டித் தந்துவிட்டன. ஸ்கேன் அறைக்குள் செல்லும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஊசிக்கு முன்னர் சிறிது சூடும், பின்னர் ஒரு மணி நேர அமைதியும் கிடைக்கச் செய்வோம். அது அவருக்குக் காட்டும் சலுகை அன்று. சரியான விடையைப் பெறுவதற்கு அவருக்குள்ள உரிமையாகும்.